மெட்ஸ் ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்? முதலாளிகள், பிட்சர்கள், முழங்கைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க் மெட்ஸ் அணியைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். பேஸ்பால் பக்கம் புதிதாக வரும் தமிழ் நண்பர்கள் இரண்டு விஷயங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒன்று, இந்த ரசிகர்கள் ஏன் முதலாளியையே திட்டிக்கொண்டிருக்கிறார்கள்? இன்னொன்று, இந்த அணியில் பந்தெறியும் பிட்சர்களுக்கு மட்டும் ஏன் கை போய்க்கொண்டே இருக்கிறது? இரண்டும் ஒன்றோடொன்று பின்னிய கதை. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பேஸ்பால் எனக்கு ஒன்றுமே தெரியாது. மெட்ஸ் யார்?

நியூயார்க்கில் இரண்டு பெரிய அணிகள். பிராங்ஸில் இருக்கும் யாங்கீஸ் கோப்பைகளைக் குவித்த அணி. குவீன்ஸில் இருக்கும் மெட்ஸ் வயதில் இளையது. 1957 சீசன் முடிந்ததும் புரூக்ளின் டாட்ஜர்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் இரண்டும் ஊரைக் காலி செய்துகொண்டு கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டன. முதலாளிகள் முடிவெடுத்தார்கள், அணி போனது. ரசிகர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வெற்றிடத்தில் 1962இல் பிறந்ததுதான் மெட்ஸ். டாட்ஜர்ஸின் நீலமும் ஜயன்ட்ஸின் ஆரஞ்சும் சேர்ந்து அதன் நிறமானது. முதல் சீசனில் 40 வெற்றி, 120 தோல்வி. ஆனால் 1969இலேயே உலகத் தொடரை, அதாவது சாம்பியன் கோப்பைக்கான இறுதித் தொடரை, வென்று காட்டியது. 1986இல் இன்னொரு முறை. அதற்குப் பிறகு கோப்பை வரவில்லை.

பிட்சர் என்பவரைக் கிரிக்கெட் பௌலர் மாதிரி நினைக்காதீர்கள். ஆறு பந்து போட்டுவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கிற வேலை இல்லை அது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஒரே ஆளாக, ஒரு ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாறு இன்னிங்ஸ், 90 அல்லது 100 பந்துகள் எறிவார். பிறகு நாலைந்து நாள் ஓய்வு. ஆகவே ஒரு அணிக்கு இப்படி ஐந்து பேர் வேண்டும். சீசனுக்கு 162 ஆட்டங்கள். ஐவரில் இரண்டு பேர் படுத்துவிட்டால் வாரத்தில் இரண்டு, மூன்று ஆட்டங்கள் தொடங்கும் முன்பே கையை விட்டுப் போன மாதிரிதான்.

எந்த முதலாளி மேல் கோபம்?

ஃப்ரெட் வில்பான் குடும்பத்தின் மேல். 1980இல் டபுள்டே பதிப்பகம் அணியை வாங்கியபோது வில்பான் சின்னப் பங்குக்காரராக உள்ளே வந்தார். 1986இல் நெல்சன் டபுள்டேயோடு சரிபாதி பங்காளி ஆனார். 2002இல் அவருடைய பாதியையும் வாங்கிக்கொண்டார். அதிலிருந்து 2020 வரை அப்பா ஃப்ரெட், மகன் ஜெஃப், மைத்துனர் சால் காட்ஸ் மூவரும்தான் எல்லாம்.

தோற்றதற்காக மட்டும் வந்த கோபம் என்று நினைக்க வேண்டாம். தோல்வி மெட்ஸ் ரசிகருக்குத் தாய்ப்பாலோடு வந்தது. 2007இல் 17 ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போது ஏழு ஆட்டம் முன்னிலையில் இருந்து, கடைசி நாளில் ஃபுளோரிடா மார்லின்ஸிடம் தோற்று வெளியேறியது. 2008இலும் அதே கடைசி நாள், அதே மார்லின்ஸ். அதைக்கூட ஆட்கள் தாங்கிக்கொண்டார்கள். தாங்க முடியாமல் போனது, நடப்பதை நேராகச் சொல்லாத பழக்கம்.

2009இல் சிட்டி ஃபீல்ட் என்ற புது மைதானம் திறந்தார்கள். பெயர் வைக்கும் உரிமைக்கு மட்டும் ஒரு வங்கி 20 வருடத்துக்கு 40 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தது. அதன் முகப்பு பழைய புரூக்ளின் டாட்ஜர்ஸின் எபெட்ஸ் ஃபீல்ட் மைதானம் மாதிரி இருந்தது. ஃப்ரெட் வில்பான் புரூக்ளினில் வளர்ந்தவர், அந்த அணியின் பக்தர். அதில் தப்பில்லை. ஆனால் மெட்ஸின் சொந்த வரலாற்றைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. 1969ஐ நேரில் பார்த்த பெரியவர்கள் தங்கள் வீட்டிலேயே விருந்தாளி போல நின்றார்கள். அந்த வருத்தத்துக்குப் பிறகுதான், 2010இல், மெட்ஸுக்கென்று ஓர் அருங்காட்சியகம் அங்கே வந்தது.

மேடாஃப் மோசடியில் வில்பான் குடும்பமும் ஏமாந்ததுதானே? அவர்களைக் குறை சொல்லலாமா?

நியாயமான கேள்வி. பெர்னி மேடாஃப் 2008 டிசம்பர் 11 அன்று கைதானார். புதிதாகப் போடுபவரின் பணத்தை எடுத்துப் பழையவருக்கு லாபம் என்று கொடுக்கும் சீட்டுக் கம்பெனி வித்தைதான் அவர் செய்ததும். வில்பானும் காட்ஸும் அவரிடம் பல வருடங்களாகப் பெருந்தொகை போட்டு வைத்திருந்தார்கள். ஏமாந்தவர்களுக்குப் பணம் மீட்டுத் தர நீதிமன்றம் நியமித்த இர்விங் பிக்கார்ட், இவர்கள் சந்தேகப்பட வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று சொல்லி ஏறக்குறைய 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 2012 மார்ச்சில் 16.2 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டையும் பிக்கார்ட் கைவிட்டார். ஆகவே அவர்களைத் திருடர்கள் என்று சொல்வது நியாயமில்லை. நான் சொல்ல மாட்டேன்.

என் வருத்தம் வேறு. பணக் கஷ்டம் அணியைப் பாதிக்காது என்று ரசிகர்களிடம் சொன்னார்கள். அதே நேரம், 2010 இறுதியில் லீக்கிடமிருந்தே 2.5 கோடி டாலர் கடன் வாங்கியிருந்தார்கள். சில மாதம் கழித்துத்தான் அது வெளியே வந்தது. 2011இல் ஒரு முதலீட்டாளரைச் சிறு பங்குக்காரராகச் சேர்க்கப் பார்த்தார்கள், அதுவும் கைகூடவில்லை. வீட்டில் கஷ்டம் என்றால் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே அரிசிப் பானையை மறைத்து வைத்தால்தான் நம்பிக்கை போகும்.

பணம் குறைந்ததால் களத்தில் என்ன குறைந்தது?

2009இல் ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு யாங்கீஸுக்கு அடுத்தபடி செலவழித்த அணி இது. 2011லிருந்து 2012க்கு வரும்போது ஒரே வருடத்தில் ஏறக்குறைய 5 கோடி டாலர் வெட்டினார்கள். ஹொசே ரெயெஸ் 2011இல் லீகின் பேட்டிங் பட்டம் வென்றார், மெட்ஸ் வரலாற்றில் அதை முதலில் வென்றவர் அவர்தான். அந்தக் குளிர்காலத்திலேயே 10.6 கோடி டாலருக்கு மயாமிக்குப் போய்விட்டார். மெட்ஸ் முறையாக ஒரு தொகைகூடச் சொல்லவில்லை. 2009 முதல் 2014 வரை ஆறு சீசன், ஆறிலும் வெற்றியைவிடத் தோல்வி அதிகம்.

அந்த வருடங்களில் ஒரே நம்பிக்கை இளம் பிட்சர்கள்தான். பேட்டரை விலை கொடுத்து வாங்க முடியாது, சரி, பிட்சரை வளர்த்துக்கொள்வோம் என்றார்கள். நாங்களும் மனதார நம்பினோம். வேறு சொத்து இல்லாத வீட்டில் ஒரே பிள்ளையின் படிப்பை நம்பி இருப்பது மாதிரி, மொத்த அணியும் நான்கைந்து முழங்கைகளை நம்பி இருந்தது.

பாபி பொனியா பற்றி ஜூலை 1 ஆனால் எல்லோரும் பேசுகிறார்களே?

மெட்ஸின் பழைய பேட்டர் அவர். அவருக்குத் தர வேண்டிய 59 லட்சம் டாலரை 2000இல் உடனே கொடுக்காமல், 8 விழுக்காடு வட்டியோடு தவணையாகத் தருவதாக ஒப்பந்தம் போட்டார்கள். 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் சுமார் 11.9 லட்சம் டாலர். அப்போது மேடாஃபிடமிருந்து வந்துகொண்டிருந்ததாக நம்பிய லாபம் அந்த வட்டியைவிட அதிகம், அதனால் இது லாபக் கணக்கு என்று நினைத்தார்கள். ஆனால் இது பெரிய விஷயமே இல்லை. அணியின் செலவில் இது தூசு. இதைவிடக் கோபப்பட வேண்டியவை நிறைய உண்டு.

பிட்சர்களின் முழங்கை ஏன் இப்படிப் போகிறது? கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு இப்படி ஆவதில்லையே?

கிரிக்கெட்டில் கையை நீட்டிச் சுழற்ற வேண்டும், எறியக் கூடாது. ஓடிவந்து முன்காலை ஊன்றும் அடி முதுகில் இறங்குகிறது. அதனால் அங்கே முதுகெலும்பு விரிசல் விடும். பும்ராவுக்கு 2023இல் நடந்தது முதுகு ஆபரேஷன்தான். பேஸ்பால் பிட்சர் நின்ற இடத்திலிருந்து எறிகிறார். கை பின்னால் வளைந்து போய், அங்கிருந்து சாட்டை மாதிரி முன்னால் வரும்போது, முழங்கையின் உட்பக்கம் வாய் பிளக்கப் பார்க்கும். அதைப் பிளக்கவிடாமல் இழுத்துப் பிடிப்பது மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் கட்டியிருக்கும் ஒரு சிறிய நார், அதாவது லிகமென்ட். முழு வேகத்தில் எறியும் ஒவ்வொரு பந்துக்கும் அந்த நார் தன் தாங்குசக்தியின் விளிம்புக்குப் போய்த் திரும்புகிறது. சுற்றியுள்ள தசைகள் பாரத்தில் பங்கு போட்டுக்கொள்வதால்தான் அது பிழைத்திருக்கிறது. தசை களைத்துவிட்டால் முழுப் பாரமும் நாரின் மேல். பழைய கயிறு அறுவது மாதிரிதான், ஒரே இழுப்பில் இல்லை, இழை இழையாக.

2008இல் நேர்வேகப் பந்தின் சராசரி மணிக்கு சுமார் 91 மைல். 2024இல் 94ஐத் தாண்டிவிட்டது. மூன்று மைல் என்றால் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் மனிதனின் தசை பலப்படும் அளவுக்கு நார் பலப்படுவதில்லை. 2024 டிசம்பரில் லீக் வெளியிட்ட ஆய்வறிக்கையும் இதையே சொன்னது: வேகத்தையும் சுழற்சியையும் துரத்துவது, ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவது. முன்பு பிட்சர்கள் ஆட்டம் முழுக்கத் தாங்க வேண்டும் என்று சில பந்துகளை மிதமாக எறிவார்கள். இன்று அப்படி எறிந்தால் வேலை இருக்காது.

டாமி ஜான் ஆபரேஷன் என்பது என்ன?

கட்டை விரலையும் சுண்டு விரலையும் தொடவிட்டு மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு நரம்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். நரம்பு இல்லை, அது ஒரு தசைநாண். சிலருக்கு அது இருக்காது, இல்லாவிட்டாலும் கைக்குக் குறை இல்லை. அதை எடுத்து, முழங்கை எலும்புகளில் துளை போட்டு, அறுந்த நாரின் இடத்தில் கோத்துக் கட்டுவதுதான் அந்த ஆபரேஷன். 1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதல்முறையாக டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானுக்குச் செய்தார். 1976இல் களம் திரும்பிய டாமி ஜான் 1989 வரை எறிந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு மட்டும் 164 வெற்றி.

இப்போது திரும்பி வர 12 முதல் 18 மாதம். பெரும்பாலோர் வந்துவிடுகிறார்கள். அதனாலேயே ‘ஆபரேஷன் செய்தால் முன்பைவிட வேகம் கூடும்’ என்று சில பெற்றோர்கள் நம்புகிறார்கள். தயவுசெய்து நம்ப வேண்டாம். அந்த வருடத்தில் ஒரு இளைஞன் சட்டைப் பொத்தான் போடுவதிலிருந்து மறுபடி பழகுகிறான்.

யோஹன் சான்டானாவை 134 பந்து எறிய விட்டது தப்பா?

மெட்ஸ் ரசிகர்கள் இன்னும் தீர்ப்புச் சொல்ல முடியாத வழக்கு இது. 13.75 கோடி டாலருக்கு 2008இல் வந்தவர். 2010 செப்டம்பரில் தோள் ஆபரேஷன், 2011 முழுக்க இல்லை. 2012 ஜூன் 1 அன்று கார்டினல்ஸுக்கு எதிராக எறிந்துகொண்டிருக்கிறார், ஏழு இன்னிங்ஸ் முடிந்தும் எதிரணி ஒரு ஹிட்கூட (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸுக்குப் போவது) அடிக்கவில்லை. ஐம்பது வருடத்தில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் எந்த மெட்ஸ் பிட்சரும் செய்யாதது. மேனேஜர் (கிரிக்கெட்டில் தலைமைக் கோச் மாதிரி) டெர்ரி காலின்ஸ் அவருக்கு 110, 115 பந்துகளுக்கு மேல் வேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். தோளைப் பார்ப்பதா, வரலாற்றைப் பார்ப்பதா? விட்டார். 134ஆவது பந்தில் முடிந்தது. ஊரே அழுதது. காலின்ஸ் மட்டும் ஆட்டம் முடிந்து பேசும்போது சந்தோஷப்படவே முடியாமல் இருந்தார்.

அதற்குப் பிறகு சான்டானா பத்தே ஆட்டங்கள் தொடங்கினார். 2013 வசந்த காலத்தில் அதே தோள் மறுபடி கிழிந்தது. பெரிய லீக்கில் அவர் திரும்ப எறியவே இல்லை. 134 பந்துகளால்தான் கிழிந்தது என்று எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் காலின்ஸைக் குறை சொல்ல மாட்டேன். தன் முடிவின் விலை என்னவென்று தெரிந்து, அதை முகத்தில் மறைக்காமல் நின்ற மனிதர் அவர்.

மேட் ஹார்வி கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

ஆறு தோல்வி சீசன்களின் நடுவில் வந்த வெளிச்சம் ஹார்வி. 2012 ஜூலையில் அரிசோனாவில் முதல் ஆட்டத்திலேயே 11 ஸ்ட்ரைக்அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது. 2013இல் ஆல்-ஸ்டார் ஆட்டம், அதாவது எல்லா அணிகளின் நட்சத்திரங்களும் ஆடும் ஆட்டம், சிட்டி ஃபீல்டிலேயே நடந்தது, அதைத் தொடங்கி எறிந்தவரும் அவரே. அடுத்த மாதம் முழங்கை நார் கிழிந்தது. அக்டோபரில் டாமி ஜான். 2014 முழுக்க வெளியே.

2015இல் திரும்பி வந்தார், பழைய வேகத்தோடு. எதிர்பாராத விதமாக அணியும் ஜெயிக்கத் தொடங்கியது. செப்டம்பரில் அவருடைய ஏஜென்ட் ஸ்காட் போராஸ், மருத்துவர்கள் 180 இன்னிங்ஸோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். ரசிகர்களில் பாதிப் பேர் ஹார்வியைச் சுயநலக்காரன் என்று திட்டினார்கள். அந்தப் பாதியில் நானும் இருந்தேன், அதை இன்று மனப்பூர்வமாக வருந்துகிறேன். கிழிந்து தைத்த கை அவருடையது, அதன் மேல் எனக்கு எந்த உரிமையும் கிடையாது. கடைசியில் பிளேஆஃப் உட்பட அந்த வருடம் 216 இன்னிங்ஸ் எறிந்தார்.

2015 நவம்பர் 1, உலகத் தொடரின் ஐந்தாம் ஆட்டம். கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் தொடரில் 3-1 முன்னிலை. ஹார்வி எட்டு இன்னிங்ஸில் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. மெட்ஸ் 2-0. ஒன்பதாவதுக்கு வேறு பிட்சர் என்று சொல்லிவிட்டார்கள். ஹார்வி பெஞ்சைக் கடந்து நேராகக் காலின்ஸிடம் போனார், முடியாது, நான்தான் எறிவேன் என்று. டிவியில் எல்லோரும் பார்த்தோம். மைதானம் முழுக்க அவர் பெயரைக் கத்தியது. காலின்ஸ் அவரை ஒரு கணம் பார்த்தார், சரி என்றார். ஹார்வி படியேறி ஓடினார். முதல் பேட்டருக்கு வாக் (இலவசமாக முதல் பேஸ்), அடுத்தவர் டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகும் அடி). 2-1. மாற்றினார்கள், ஆனாலும் ஆட்டம் சமமானது. 12ஆவது இன்னிங்ஸில் 7-2 என்று தோற்றோம். தொடரும் முடிந்தது.

2016இல் விரல்கள் மரத்துப் போகத் தொடங்கின. கழுத்தெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே நரம்பு நசுங்கும் நோய். ஜூலையில் ஆபரேஷன். பந்தில் பழைய உயிர் திரும்பவே இல்லை. 2018 மே மாதம் மெட்ஸ் அவரை விட்டுவிட்டது. அப்போது அவருக்கு வயது 29.

‘ஐந்து பிட்சர்கள்’ என்று ஏக்கத்தோடு சொல்கிறார்களே, யார் அவர்கள்?

ஹார்வி, ஜேக்கப் டிகிராம், நோவா சின்டர்கார்ட், ஸ்டீவன் மாட்ஸ், ஸாக் வீலர். உலகத்திலேயே சிறந்த ஐவர் இவர்கள்தான் என்று 2015இல் பேசினார்கள். டிகிராமுக்கும் மாட்ஸுக்கும் சின்ன லீக்கில் இருந்தபோதே, 2010இல், டாமி ஜான் ஆகிவிட்டது. வீலருக்கு 2015 மார்ச்சில், அதனால் இரண்டு முழு சீசன்கள் போயின. சின்டர்கார்டுக்கு 2020 மார்ச்சில். ஐந்து பேர், ஐந்து முழங்கைகள். இவர்கள் ஐவரும் ஒரே சுற்றில் அடுத்தடுத்து எறிந்தது 2018 ஏப்ரலில்தான் முதல் முறை. அடுத்த சில வாரங்களில் ஹார்வி போய்விட்டார். அந்த ஐவர் அணி என்பது நிஜத்தில் நாலைந்து நாள் கனவு.

வீலரை 2019 முடிவில் பிலடெல்ஃபியா 11.8 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. மெட்ஸ் போட்டிக்கு நிற்கவில்லை. குணமாகும்வரை காத்திருந்தோம், குணமானதும் பக்கத்து ஊருக்குக் கொடுத்தோம். இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சின்டர்கார்ட் ஸ்கேன் எடுக்க மறுத்தாரே, அப்போது தப்பு அவருடையதுதானே?

2017 ஏப்ரல் கடைசியில் மேற்கைத் தசையில் வலி என்றார். அணி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னது, அவர் வேண்டாம் என்றார். விட்டுவிட்டார்கள். ஏப்ரல் 30 அன்று வாஷிங்டனில் களம் இறக்கினார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் அக்குளுக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றார். முதுகுப் பக்கவாட்டுத் தசை கிழிந்திருந்தது. அன்றைய ஸ்கோர் 23-5. அவரைத் திரும்பப் பார்க்க செப்டம்பர் ஆனது.

அவர் மறுத்தது தப்புதான். ஆனால் 24 வயதுப் பையன், தனக்கு எதுவும் ஆகாது என்றுதான் சொல்வான். ஸ்கேனைக் கட்டாயப்படுத்த முடியாது, அது அவன் உரிமை. ‘ஸ்கேன் எடுக்காதவரை பந்து கையில் தர மாட்டோம்’ என்று சொல்ல அணிக்கு உரிமை இருந்தது. அதை ஏன் சொல்லவில்லை? அன்று தொடங்க வேறு நல்ல பிட்சர் கைவசம் இல்லை என்பதும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த சீசன் முடிந்ததும் காயங்களைக் கவனிக்கும் தலைமை ட்ரெய்னரை அனுப்பிவிட்டார்கள். அவர் பெயரைச் சொல்லிக் கூச்சல் போட்டவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு இல்லை. அவருக்கு மேலே இருந்தவர்கள் அதே நாற்காலியில்தான் இருந்தார்கள்.

நார் அறுவதற்கு முதலாளி என்ன செய்வார்? எல்லாவற்றுக்கும் அவரைத் திட்டுவது சரியா?

நார் அறுவதற்கு அவர் பொறுப்பில்லை. மற்ற 29 அணிகளிலும் அறுகிறது. அதற்காகத் திட்டுபவர்களோடு நான் சேர மாட்டேன்.

ஆனால் அறுவதற்கு முன்னும் பின்னும் நடப்பது முதலாளியின் கணக்கில்தான் வரும். ஆறாவது, ஏழாவது, எட்டாவது பிட்சர் கையிருப்பில் இருந்தால் வலி என்று சொன்னவனை உட்கார வைக்கலாம். அந்த மூவருக்கும் சம்பளம் தர மனமில்லாவிட்டால், வலிக்கிறவன்தான் எறிந்தாக வேண்டும். அப்புறம், காயத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பது. மெட்ஸில் ‘இரண்டு வாரத்தில் வந்துவிடுவார்’ என்று கேட்ட ரசிகருக்கு, சீசன் முடியும்வரை வரமாட்டார் என்று அர்த்தம் புரிந்துவிடும். 2008இல் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சிக்கு ஆளான ரயன் சர்ச்சை விமானத்தில் ஏற்றி டென்வருக்குக் கூட்டிப் போனார்கள். அவர் பிட்சர்கூட இல்லை. உடம்பு முடியாதவனிடம் இந்த அணி எப்படி நடந்துகொண்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதில் எனக்கு மனதை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. ஃப்ரெட் வில்பான் புரூக்ளின் லாஃபயெட் பள்ளியில் பிட்சர். அதே பள்ளி அணியில் அவரோடு ஆடியவர் சாண்டி கோஃபாக்ஸ். உலகம் கண்ட மிகச் சிறந்த பிட்சர்களில் ஒருவர். முழங்கை வாதத்தால், உச்சத்தில் இருக்கும்போதே, 1966இல் 30 வயதில் ஆட்டத்தை விட்டவர். முழங்கை போவதென்றால் என்னவென்று தன் நண்பனிடமே பார்த்தவர் வில்பான்.

காயம்பட்டவரின் சம்பளத்தைக் காப்பீடு தந்துவிடுமாமே?

பெரிய ஒப்பந்தங்களில் சிலவற்றுக்கு உண்டு. டேவிட் ரைட் பிட்சர் இல்லை, அணியின் தலைவர். முதுகும் கழுத்தும் தோளும் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆட முடியாமல் இருந்தபோது அவர் சம்பளத்தில் முக்கால் பங்கு காப்பீட்டிலிருந்து வந்ததாகச் செய்திகள் வந்தன. அந்தப் பணத்தில் இன்னொருவரை எடுங்கள் என்பதுதான் ரசிகர்கள் கேட்டது. களத்தில் அதன் தடயம் எங்களுக்குத் தெரியவில்லை. 2018 செப்டம்பர் 29 அன்று ரைட் கடைசியாக ஒருமுறை ஆடினார். மைதானம் நிரம்பி வழிந்தது.

புது முதலாளி ஸ்டீவ் கோயன் அணியை வாங்கிய பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா?

முதலில் ஒரு பேரம் 2020 பிப்ரவரியில் முறிந்தது. விற்ற பிறகும் ஐந்து வருடம் தாங்களே நடத்த வேண்டும் என்று வில்பான் தரப்பு நின்றது. அந்த நாட்கள் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் 2020 நவம்பரில் சுமார் 240 கோடி டாலருக்குக் கை மாறியது.

பணம் வந்தது. ஃபிரான்சிஸ்கோ லிண்டோருக்கு 34.1 கோடி. 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோவுக்கு 76.5 கோடி. 2023இல் வரலாற்றிலேயே அதிகச் சம்பளப் பட்டியலோடு இறங்கி, 75 வெற்றி, 87 தோல்வி. 2024இல் லீக் இறுதிச் சுற்று வரை போய் டாட்ஜர்ஸிடம் தோற்றது.

ஆனால் கைகள் உடைவது நிற்கவில்லை. டிகிராம் 2021இல் 15 ஆட்டங்களில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.08 ரன் என்ற கணக்கில் எறிந்து, ஜூலையில் நின்றார். 2022 முடிவில் டெக்சாஸ் போய், அங்கே இரண்டாவது டாமி ஜான். கோடாய் செங்கா 2024இல் வழக்கமான சீசனில் ஒரே ஒரு ஆட்டம். 2025 ஜூன் 12 அன்று முதல் பேஸில் ஒரு உயரமான த்ரோவுக்கு எம்பினார், இறங்கும்போது தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அன்று மெட்ஸ் 45 வெற்றி, 24 தோல்வி, லீக்கிலேயே முதல் இடம். இரண்டு வாரத்தில் கிரிஃபின் கேனிங்கின் குதிகால் நாண் அறுந்தது. ஃபிராங்கி மொன்டாஸ், டைலர் மெகில் என்று வரிசையாக. அங்கிருந்து 38 வெற்றி, 55 தோல்வி. கடைசி நாளில் மறுபடி அதே மார்லின்ஸிடம் 4-0 தோல்வி, பிளேஆஃப் போனது.

அப்படியானால் என்ன மாறியது என்று கேட்பீர்கள். தோற்ற அன்று கோயன் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். இளம் பிட்சர்கள் மேலே வந்தார்கள், நோலன் மக்லீன் ஆகஸ்டில் வந்து எட்டு ஆட்டங்களில் ஐந்து வென்றார். அணித் தேர்வில் எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஐந்து பேரில் மூவர் ஏற்கெனவே அடிபட்டவர்கள் என்று தெரிந்தே சீசனைத் தொடங்கியதை மன்னிக்க முடியவில்லை. இருந்தாலும் அது அணி கட்டுவதில் வந்த சண்டை. பானை காலியா என்று சந்தேகப்பட்ட காலம் போய்விட்டது.

இவ்வளவு வருத்தம் எதற்கு? வேறு அணியைப் பார்க்கலாமே.

சென்னை அணி 2016, 2017 இரண்டு வருடம் தடையில் இருந்தபோது எத்தனை பேர் மஞ்சள் சட்டையைத் தூக்கிப் போட்டார்கள்? அதே பதில்தான். எங்களுக்கு இன்னொரு ஒட்டுதலும் உண்டு. ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலில் கும்பிட்டு, அங்கே கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு, ஏழாம் நம்பர் ரயிலில் ஒரே ஸ்டேஷன் போனால் மைதானம். பிள்ளைகள் வளர்ந்ததே அந்த வழியில்தான்.

என் பையனுக்கு 12 வயது, நியூ ஜெர்சியில் பிட்ச் செய்கிறான். நான் எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தப் பக்கத்திலேயே நான் மிகவும் அக்கறையோடு எழுதும் பதில் இதுதான். லீக்கும் அமெரிக்க பேஸ்பால் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வரம்புகள் இருக்கின்றன. 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் கூடாது. 9, 10 வயதுக்கு 75. ஒரு நாளில் 66 பந்துக்கு மேல் எறிந்தால் அடுத்து நான்கு நாள் எறியக் கூடாது. ஒரே ஆட்டத்தில் பிட்சராகவும் கேட்ச்சராகவும் ஆட விடாதீர்கள். வருடத்தில் நான்கு மாதமாவது கை முழுக்க ஓய்வில் இருக்கட்டும், அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக. பள்ளி அணி, பயண அணி என்று இரண்டில் ஆடினால் இரண்டு கோச்சும் தங்கள் பந்துகளை மட்டும்தான் எண்ணுவார்கள். மொத்தக் கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும், ஒரு சின்ன நோட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேகம் அளக்கும் கருவி வாங்கித் தர வேண்டாம். சனிக்கிழமை ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் ‘ஜெயிச்சியா’ என்று கேட்பதற்கு முன்னால் ‘கை வலிக்குதா’ என்று கேளுங்கள். முழங்கையின் உட்பக்கத்தைத் தொட்டுக் காட்டினால் அடுத்த வாரம் எவ்வளவு பெரிய ஆட்டமாக இருந்தாலும் அவன் பெஞ்சில் உட்காரட்டும், மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.